ஆற்றிலே போட்ட முத்து



சென்ற இதழில் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து அணைகளைப் பற்றி வந்த கட்டுரையை நீங்கள் விரும்பிப் படித்தது கடிதங்களில் தெரிகிறது. கூடவே அதிலிருந்த ஒரு கூத்தையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒரே ஆற்றின் பெயர் மூன்று விதமாக அச்சாகியிருந்தது. முதல் பக்கத்தில் மணிமுக்தா. பக்கத்தைத் திருப்பினால் மணிமுத்தாறு. படத்துக்குக் கீழே மணிமுத்தா. சங்கராபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் அஞ்சலட்டையில் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தார்: "மூன்றில் எந்த ஆற்றில் இப்போது தண்ணீர் வருகிறது?"

தப்பு என்னுடையதுதான். அச்சுக்குப் போகிற அன்று ராத்திரி எனக்கும் எங்கள் பிழைதிருத்துநர் அம்மாவுக்கும் இந்தப் பெயரில்தான் வழக்கு. அரசாங்கப் பலகையில் மணிமுக்தா என்றுதானே இருக்கிறது, அதையே போடுங்கள் என்பது அவர் கட்சி. ஊரில் எவன் 'முக்தா' என்று வாயைக் கோணிக்கொண்டு சொல்கிறான், மணிமுத்தாறு என்று போடுங்கள் என்பது என் கட்சி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திருத்தினோம். படத்தின் கீழே வந்த 'மணிமுத்தா' யார் செய்த சமரசமோ தெரியவில்லை. ஆசிரியர் ஐயாவிடமும் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அஞ்சலட்டை என்னை விடவில்லை. எது சரி என்று பார்க்கலாமே என்று அகராதியை எடுத்தவன், 'முத்து' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கல்வராயன் மலையிலிருந்து கிளம்பி ரஷ்யா வரைக்கும் போய்த் திரும்பினேன். இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுக்க அந்தப் பயணக் கதைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆறு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மணி, முக்தா என்ற இரண்டு ஓடைகளின் தண்ணீர் சூளாங்குறிச்சி அணைக்கு வந்து சேர்கிறது. 36 அடி அணை. அதே மலையில் பிறந்து கச்சிராயபாளையத்துப் பக்கம் இறங்கும் கோமுகி, 46 அடி அணையைத் தாண்டி ஓடி வந்து பின்னால் இதில் கலக்கிறது. இரண்டும் சேர்ந்த ஆறு விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடி, வெள்ளாற்றில் விழுந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கடல் வாசனையே தெரியாத மலையில் பிறந்த ஓடைக்குக் கடல் பொருளின் பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும், மலை மேல் பெய்த மழை பாறையில் தெறித்து உருள்வதை ஒருமுறையாவது நின்று பார்த்தவராக இருக்க வேண்டும்.

விருத்தாசலம் என்றதும் சுந்தரர் கதை நினைவுக்கு வரும். அந்த ஊரில் சிவபெருமானிடம் 12,000 பொன் வாங்கினார். வழியில் கள்ளர் பயம். இந்த ஆற்றிலே போட்டுவிட்டுப் போ, திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொள் என்றாராம் இறைவன். அப்படியே மணிமுத்தாற்றில் போட்டதைக் கமலாலயத்தில் தேடி எடுத்தார். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்று இன்றைக்கும் கேலியாகச் சொல்கிறோமே, அது இந்த ஆறுதான். நம் ஆறுதான்! சொற்களின் கதையைத் தேடிப் போவதும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். இங்கே போட்டது எங்கேயோ கிடைக்கும். போட்ட உருவத்தில் கிடைக்காது.

முத்துக்கு ஐரோப்பாவில் என்ன பெயர் என்று கேட்டால் ஆங்கிலம் படித்த யாரும் 'பேர்ல்' என்பார்கள். பிரெஞ்சில் 'பெர்ல்', ஜெர்மனிலும் டேனிஷிலும் 'பெர்லெ', இத்தாலியிலும் ஸ்பானிஷிலும் 'பெர்லா', போர்த்துகீசில் 'பெரொலா', டச்சில் 'பாரெல்', சுவீடனில் 'பேர்லா'. எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று பார்த்தாலே தெரிகிறது. அந்தத் தாய் இடைக்கால லத்தீனின் 'பெர்லா'. அதற்கு மேலே போனால்தான் வேடிக்கை. பெரும்பாலான அறிஞர் கைகாட்டுவது 'பெர்னா' என்ற பழைய லத்தீன் சொல்லை. அதற்குப் பொருள் பன்றித் தொடை! தொடைக்கறி வடிவத்தில் இருந்த ஒரு கடல் மட்டிக்கு ரோமாபுரிக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். மட்டியின் பெயர் சின்னதாகி 'பெர்னுலா', அது தேய்ந்து 'பெர்லா', கடைசியில் மட்டிக்குள் இருக்கும் முத்துக்கே ஆகிவந்தது என்பது கணக்கு. இல்லை, 'பிரும்' என்ற பேரிக்காய்ச் சொல்லிலிருந்து 'குட்டிப் பேரிக்காய்' என்று வந்தது என்று வாதாடுபவர்களும் உண்டு. எனக்கென்னவோ பன்றித் தொடையைத்தான் பிடித்திருக்கிறது. கேரளத்தில் வறுத்துச் சாப்பிடுகிற கல்லுமக்காய்க்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரிலும் இந்த 'பெர்னா' இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

இந்த 'பெர்லா' வருவதற்கு முன்னால் ஐரோப்பா முத்தை வேறு பெயரால் அழைத்தது. கிரேக்கத்தில் 'மார்கரிதேஸ்', லத்தீனில் 'மார்கரிதா'. இது அங்கே விளைந்த சொல் இல்லை. கிழக்கிலிருந்து, ஈரானிய மொழிகளின் வழியாகப் போனது. பாரசீகத்தில் இன்றைக்கும் முத்துக்கு 'மொர்வாரித்'. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அர்ரியன் என்ற கிரேக்கர் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மெகஸ்தனிஸ் சொன்னவற்றையும் அதில் சேர்த்துக்கொண்டார். கடலில் கிடைக்கும் இந்த 'மார்கரிதா' இந்தியர்களின் மொழிச் சொல் என்றே அதில் எழுதி வைத்திருக்கிறார். ஹெராக்ளிஸ் என்ற வீரன் தன் மகள் பாண்டியாவை அலங்கரிக்க முத்தைத் தேடிக் கொணர்ந்தான் என்றும், இந்தியாவில் முத்துக்கு அதன் எடையைப் போல மூன்று பங்கு சுத்தத் தங்கம் விலை என்றும் அதே இடத்தில் வருகிறது. பாண்டியா என்ற பெயரைப் பார்த்ததும் நமக்கு மதுரையும் கொற்கையும் ஞாபகத்துக்கு வரும். சரக்கு பாண்டியநாட்டுச் சரக்கு. ஆனால் அர்ரியன் காதில் விழுந்த சொல் நம் 'முத்து' இல்லை. இடையில் நின்று கைமாற்றிவிட்ட யாரோ ஒரு வியாபாரியின் சொல்.

இது நமக்குப் புரியாத சங்கதியா என்ன? மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை கொண்டுபோகிற நம் விவசாயி நிலக்கடலையை என்னவென்று சொல்கிறார்? மணிலா. வீட்டில் மல்லாட்டை. இரண்டும் மணிலாக்கொட்டைதான். நிலக்கடலையின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. மணிலாவோ பிலிப்பைன்ஸ் தேசத்துத் துறைமுகம். அந்த வழியாக வந்த சரக்கு என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. செடி எங்கே பிறந்தது என்பது சொல்லில் இல்லை. யார் கையிலிருந்து வாங்கினோம் என்பது மட்டும் அழியாமல் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துப் பூசணியைப் பரங்கிக்காய் என்கிறோமே, அதுவும் இதே கணக்கு.

அந்தக் கண்ணோடு ஐரோப்பாவின் கிழக்குப் பக்கம் பார்த்தால் முத்துக்கு வேறு வேறு வாசல்கள் தெரிகின்றன. ரஷ்ய மொழியில் அதற்கு 'ஜெம்சுக்'. பெர்லாவுக்கும் மார்கரிதாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது துருக்கிய இனத்தார் வழியாகப் போன சொல். அவர்களிடம் அது 'யின்சு'. இன்றைய துருக்கியில் 'இன்ஜி'. அவர்களுக்கோ அது சீனத்து 'சென்சு'விலிருந்து வந்தது என்கிறார்கள். ஹங்கேரிய மொழியில் முத்தைக் குறிக்கும் சொல்லும் இந்தத் துருக்கிய வாசல் வழியாக நுழைந்ததே. இன்றைய பெலாரசில் உள்ள போலட்ஸ்க் என்ற ஊரின் துறவி யூப்ரோசினுக்காக 1161-இல் செய்த சிலுவையில், அதில் பதித்த பொருள்களைச் சொல்லும் வாசகத்தில் இந்தச் சொல் அப்போதே பொறிக்கப்பட்டிருக்கிறது. செர்பியாவிலும் பல்கேரியாவிலும் முத்துக்கு 'பிஸெர்'. அதன் வேர் அரபு நாட்டில் என்பார்கள். அதே 'பிஸெர்' ரஷ்யாவுக்குப் போனால் பாசிமணி ஆகிவிடுகிறது. ஒரு ஊரில் ராஜா கழுத்தில் கிடப்பது, பக்கத்து ஊரில் திருவிழாக் கடையில் கூறு போட்டு விற்பது.

பின்லாந்துக்காரர்கள் முத்தை 'ஹெல்மி' என்கிறார்கள். அவர்களுக்குப் பிப்ரவரி மாதத்தின் பெயரே 'ஹெல்மிகூ', முத்து மாதம். பனி உருகிக் கிளை நுனியில் சொட்டி, சொட்டின இடத்திலேயே மறுபடி உறைந்து மணி மணியாய்த் தொங்குமாம். கரியாலூர்ப் பக்கம் மார்கழி விடியலில் சாமைத் தாளில் பனி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

மார்கரிதாவுக்கு வருகிறேன். அந்தச் சொல் வடக்கே போனபோது இங்கிலாந்தின் பழைய குடியானவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. கேட்டதைத் தங்களுக்குத் தெரிந்த சொற்களாக வெட்டிச் சேர்த்து 'மெரெக்ரோட்' என்றார்கள். 'மெரெ' என்றால் கடல். பின்பாதிக்குப் பொடிக்கல், மணல். கடல் மணல்! ஜெர்மானியரும் அதே வேலையைச் செய்தார்கள். படித்தவர்கள் இதைச் சிதைவு என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 'மணிலாக்கொட்டை'யை 'மல்லாட்டை' ஆக்கின நம் பாட்டிமார் செய்ததும் அதுதான். காதுக்குப் பழகாத சொல்லை வாய்க்குப் பழக்கிக்கொள்வது ஒரு சாமர்த்தியம்.

மார்கரிதா பின்னால் பெண் பெயராயிற்று. மார்கரெட், மார்கரீத், மார்கரெத்தா. கிரேத்தா, ரீட்டா, பெக்கி என்று சுருங்கியவையும் அதே மரத்துக் கிளைகள். ஒரே தெருவில் ஒரு முத்தம்மாளும் ஒரு மார்கரெட்டும் இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்று தைரியமாகச் சொல்லலாம். பிரெஞ்சில் 'மார்கெரீத்' ஒரு வெள்ளைப் பூவுக்கும் பெயராயிற்று. பன்றிகள் முன்னால் முத்தைப் போடாதே என்று ஏசுநாதர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். 1559-இல் பழமொழிகளை எல்லாம் ஒரே ஓவியமாக வரைந்த புரூகல், அதில் பன்றிகளுக்கு ரோஜாப்பூ போடுகிற ஒருவனை வரைந்திருக்கிறார். முத்தாக இருந்த மார்கெரீத் பூவாக மாறிய குழப்பத்தில் வந்த வினை அது என்பது ஒரு கருத்து.

இன்னொரு பிள்ளை நம் பஸ் ஸ்டாண்டு பேக்கரி வரைக்கும் வந்துவிட்டது. 1813-இல் ஷெவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்பிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தார். அது முத்துபோல மினுங்கியதால் மார்கரிக் அமிலம் என்று பெயர் வைத்தார். 1869-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் மாட்டுக் கொழுப்பிலிருந்து வெண்ணெய்க்கு மாற்று ஒன்றைச் செய்து, அந்தப் பெயரின் வழியிலேயே பெயரிட்டார். அதுதான் மார்கரின். முட்டை பப்ஸ் அடுக்கடுக்காக உதிர்வது பெரும்பாலும் அதன் தயவில்தான். அடுத்த முறை கடிக்கும்போது முத்தைக் கடிக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயத்தை மறந்துவிட்டேனே. ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை என்பதால் பெரிய முத்தை ரோமாபுரியில் 'ஊனியோ' என்றார்கள். ஒற்றையானது என்று பொருள். முதல் நூற்றாண்டு ரோமாபுரி நூலாசிரியர் பிளினி இப்படி எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் கொலுமெல்லா என்ற விவசாய நூலாசிரியர், பக்கவெடிப்பு இல்லாமல் ஒற்றைக் கிழங்காக விளையும் ஒருவகை வெங்காயத்தைக் குடியானவர்கள் 'ஊனியோ' என்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். அந்தச் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தின் 'ஆனியன்' ஆயிற்று. சீமாட்டி காதில் தொங்கியதும் சமையல்கட்டில் உரித்ததும் ஒரே பெயர். முத்தின் பெயரை ஊரில் விளைவதற்கு வைப்பது ரோமாபுரிக் குடியானவனுக்கு மட்டும் தோன்றிய யோசனை அல்ல. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

இத்தனை ஊர் சுற்றியும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கொற்கை முத்து உலகம் முழுக்கப் போயிற்று. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து கப்பலோட்டி வந்த கிரேக்க மாலுமியின் வழிக்குறிப்பில் கொற்கைப் பெயர் இருக்கிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகளை முத்துக்குளிக்க இறக்கினார்கள் என்ற கொடுமையும் இருக்கிறது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிக்கும் காலத்தில் சுறாவுக்கு மந்திரம் கட்டுகிறவர்களுக்கு 20-இல் ஒரு பங்கு கொடுத்ததைக்கூட எழுதினார். பொருள் போயிற்று, கதை போயிற்று. நம் சொல் மட்டும் ஏன் ஐரோப்பாவில் கரையேறவில்லை?

கிழக்கே போயிருக்கிறது. சிங்களத்தில் முத்தை 'முத்து' என்றே சொல்கிறார்கள். மலாயிலும் இந்தோனேசியாவிலும் 'முத்தியாரா'. தாய்லாந்தில் 'முக்'. இந்தியில் 'மோதி'. இவை எல்லாம் முத்து, முக்தா என்ற குடும்பத்து உறவுகள். மேற்கே போன முத்து அரபிகள், பாரசீகர்கள், துருக்கியர் என்று பல தரகர் கைமாறிப் போனதால் ஒவ்வொரு கையிலும் பெயரும் மாறிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

போர்த்துகீசியர் வந்தபிறகு நடந்தது இதைவிட சுவாரசியம். 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் தூத்துக்குடிக் கரையை மீன்பிடிக் கரை என்ற பொருளில் 'பெஸ்காரியா' என்றே அழைத்தார்கள். அங்கே அவர்கள் பிடிக்க நினைத்த மீன் முத்துச்சிப்பிதான். பெரிய முத்துக்குப் 'பெரொலா', பொடி முத்துக்கு அரபியிலிருந்து எடுத்த 'அல்ஜோஃபர்', கோணல்மாணலான முத்துக்குப் 'பர்ரோக்கோ' என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். கடைசிச் சொல்லிலிருந்துதான் பரோக் கலை என்ற பெயர் வந்தது என்பார்கள். அவர்களிடமிருந்து நாம் எத்தனை சொல் வாங்கினோம்! ஜன்னல், சாவி, அலமாரி, மேசை. ஆனால் பெரொலாவை வாங்கவில்லை. எதற்கு வாங்க வேண்டும்? பரதவர் கையில் முத்து இருந்தது, வாயில் சொல் இருந்தது. முத்து விளையும் கடலடிப் பாறைக்குப் 'பார்' என்று பெயர் இருந்தது. முத்துக்குளிக்கும் பருவத்துக்குச் 'சலாபம்' என்று பெயர் இருந்தது. இலங்கையில் சிலாபம் என்ற ஊர் அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருப்பதாகச் சொல்வார்கள்.

பொருள் விளைகிற இடத்தில் ஒரு சொல் போதாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் கணக்கைப் பாருங்கள். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, பயிட்டம், சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று முத்தின் சாதிகளைக் கணக்கர் ஒன்றுவிடாமல் பொறிக்க வைத்திருக்கிறார். முத்தின் ஒளியை 'நீர்' என்று சொன்ன அந்த அழகை நான் ரசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தது மஞ்சாடியிலும் குன்றியிலும், இரண்டும் விதைகள். மேற்கே தங்கத்துக்கும் வைரத்துக்கும் சொல்கிற 'காரட்'டும் ஒரு மரத்து விதையின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். கடல் முத்தை எடைபோட எல்லா ஊரிலும் கொல்லை விதையைத்தான் தேடியிருக்கிறார்கள்.

விதை என்றதும் நம் ஊருக்கு வந்தாயிற்று. கள்ளக்குறிச்சிக்காரர்களாகிய நாம் கடல் முத்தைக் கண்டது நகைக்கடைக் கண்ணாடிக்குள் மட்டும். அதுவும் இப்போது பெரும்பாலும் வளர்ப்பு முத்து. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு பெரிய சலாபம் நடக்கவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே சிப்பிக்குள் மணி வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் முத்து என்ற சொல்லுக்கு மட்டும் நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆமணக்கு விதையை நாம் கொட்டமுத்து என்கிறோம். சில கிராமங்களில் முத்துக்கொட்டை. வேப்பங்கொட்டை பொறுக்கி விற்றவர்களுக்கு அது வேப்பமுத்து. அம்மை போட்டால் முத்து போட்டிருக்கிறது என்போம், இறங்கினால் முத்து இறங்கிவிட்டது என்போம். நோயைக்கூட மரியாதை இல்லாமல் சொல்லக் கூடாது என்பது முத்துமாரி மேலுள்ள பயம். பிள்ளை எழுத்து அழகாக இருந்தால் முத்து முத்தான எழுத்து. முத்துசாமி, முத்துலட்சுமி, முத்துக்கருப்பன், முத்துவேல் என்று வகுப்புக்கு நாலு பேர்.

முற்றியது முத்து என்று தமிழறிஞர் சிலர் வேர் சொல்வார்கள். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து "முத்திப்போச்சு, வேணாம்" என்கிறோமே, அந்த முத்து. சிப்பிக்குள் முற்றி விளைந்தது முத்து, தோட்டுக்குள் முற்றி விளைந்தது விதைமுத்து. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனாலும் சங்க நூல்களிலேயே 'முற்று' வேறு, 'முத்து' வேறு என்று எழுத்துப் பிரிந்து நிற்பதால் இதை அடித்துச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். வடமொழிக்காரர்கள் 'முக்தா' என்றால் விடுபட்டது, சிப்பியிலிருந்து விடுதலையானது என்று பொருள் சொல்வார்கள். முக்தாதான் தேய்ந்து முத்து ஆயிற்று என்பது ஒரு கட்சி. முத்துதான் வடக்கே போய்ப் பட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு முக்தா ஆயிற்று என்பது இன்னொரு கட்சி. முத்து விளைந்த கடல் எந்தக் கரையை ஒட்டி இருந்தது என்று பார்த்து, நான் இரண்டாம் கட்சியில் பெயர் கொடுத்துவிட்டேன்.

நம் ஊர் விளைச்சலைப் பார்த்து வெள்ளைக்காரனுக்கும் முத்து ஞாபகம் வந்திருக்கிறது. கம்புக்கு ஆங்கிலத்தில் 'பேர்ல் மில்லட்', முத்துத் தினை. கதிரிலிருந்து உதிர்த்த கம்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். சின்னசேலம் பக்கமும் மலை மேலும் மரவள்ளி போடுகிறோம். கிழங்கு ஆத்தூர், சேலம் ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசி ஆகிறது. அதையும் உலகச் சந்தையில் முத்து என்றுதான் சொல்கிறார்கள். தைவான்காரர்கள் 1980-களில் மரவள்ளி மாவு உருண்டையைப் பால் தேநீரில் போட்டு ஒரு பானம் கண்டுபிடித்தார்கள். இப்போது சென்னை மால்களில் இளசுகள் வரிசை கட்டிக் குடிப்பது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சென்சு நைச்சா', முத்துப் பால் தேநீர். அந்தச் 'சென்சு'வை மேலே எங்கேயோ பார்த்த ஞாபகம் வருகிறதா? துருக்கியரின் குதிரை ஏறி ரஷ்யாவுக்குப் போய் 1161-இல் சிலுவையில் உட்கார்ந்ததே, அதே சொல். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிழைதிருத்துநர் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மணி பன்னிரண்டு ஆகிறது சார்" என்றார்.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் முதுகுன்றத்தைப் பாடிய பதிகத்திலேயே இந்த ஆறு 'முத்தாறு' என்ற பெயரோடு ஓடுகிறது. முதுகுன்றம் என்ற ஊர் பின்னால் விருத்தாசலம் ஆயிற்று. பழைய மலை என்ற பொருள் அப்படியே இருக்க, சொல் மட்டும் வடமொழிக்கு மாறியது. கரையிலிருந்த ஊருக்கு நேர்ந்தது ஆற்றுக்கும் நேர்ந்து முத்தாறு, முக்தா ஆகியிருக்க வேண்டும் என்பது என் வாதம். இதைச் சொன்னபோது பிழைதிருத்துநர் அம்மா அசரவில்லை. "திருநெல்வேலியில் ஒரு மணிமுத்தாறு இருக்கிறதே சார், அணையோடு? நம் வாசகர் அங்கே போய் இறங்கிவிட்டால்?" என்றார். நியாயமான கேள்வி. பொதிகைப் பக்கத்து அந்த மணிமுத்தாறு தாமிரபரணியில் விழுந்து, கொற்கை இருந்த கடலுக்கே போய்ச் சேர்கிறது. பெயருக்கு உரிமை கொண்டாட அதற்கு நம்மைவிட ஒரு பிடி கூடத்தான் இருக்கிறது.

ஆகவே இப்படி வைத்துக்கொள்கிறோம்: இனி நம் இதழில் ஆற்றைச் சொன்னால் மணிமுத்தாறு, அரசாங்கம் கட்டிய அணையைச் சொன்னால் மணிமுக்தா. சங்கராபுரத்து ஐயாவின் கேள்விக்குப் பதில், மூன்றிலும் ஒரே தண்ணீர்தான் வருகிறது, வந்தால்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆமணக்கு விதைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? கொட்டமுத்தா, முத்துக்கொட்டையா, வேறு ஏதாவதா? மலைக் கிராமங்களில் என்ன சொல்கிறார்கள்? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, ஊர்ப் பெயரோடு ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள். வந்தவற்றை எல்லாம் அடுத்த இதழில் ஒரு பக்கமாகப் போடுகிறோம்.

ஆற்றுப் பெயர் விஷயத்தில் நான் சொன்ன தீர்ப்பைப் பிழைதிருத்துநர் அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கமும் அச்சுக்குப் போகும் முன் அவர் கையைத் தாண்டித்தான் வரவேண்டும். மேலே எங்காவது நான் எழுதாத மணிமுக்தா தென்பட்டால், யார் வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்